மடியில் மறைந்த படை
சிறு கைத்துப்பாக்கி தோன்றி வளர்ந்த வரலாறு

படைக்கலம் பிறர் கண்ணிற் படவேண்டும் என்பதே பழைய முறை. அரசன் இடையில் வாள் தொங்கியது. காவலன் கையில் வேல் நிமிர்ந்து நின்றது. கண்டவர் அஞ்சி விலகினர். அவர் விலகியதால் வாளுக்கும் வேலுக்கும் வேலையில்லாமற் போயிற்று. ஒளித்து வைத்த படையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது யாரையும் விலக்குவதில்லை. தன்னை அறியாதவர் அருகே வரும்வரை காத்திருக்கிறது.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பகைவர் கூப்பிய கைக்குள்ளும் படை மறைந்திருக்கக் கூடும் என்று கூடா நட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். மெய்ப்பொருள் நாயனாரைப் போர்க்களத்தில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சிவனடியார் வேடம் தாங்கி, சுவடிக் கட்டினுள் படையை ஒளித்துக் கொண்டு அரண்மனைக்குள் புகுந்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் படிக்கிறோம். அவன் கையிலிருந்தது ஒரு சிறு கத்தி. எனினும் பெரும்படையால் இயலாத செயலை அது முடித்தது. கத்தியின் கூர்மையைவிட, அது சுவடிக் கட்டினுள் இருந்தது என்பதே அதற்குக் காரணம்.

வெடிமருந்து வந்தபின் இந்த ஒளிக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது? நீண்ட துப்பாக்கி எவ்வாறு குறுகிச் சட்டைப் பைக்குள் அடங்கியது? அதனை மறைத்துச் செல்வோரைச் சட்டம் எவ்வாறு நோக்கியது? இவற்றை, அக்கலை மிகுதியாக வளர்ந்த அமெரிக்க ஐக்கிய நாட்டை நடுவாக வைத்து இங்குக் காண்போம்.

திரி மறைந்தது, படையும் மறைந்தது

தொடக்க காலத் துப்பாக்கியை ஒளிக்க இயலாது. எரியும் திரியைக் கொண்டே அதன் மருந்தைக் கொளுத்த வேண்டும். கனலும் கயிற்றை மேலங்கிக்குள் வைத்துக் கொண்டு யார் நடமாட முடியும்? புகையும் நாற்றமும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கர விசை தோன்றியது. கடிகாரத்தைப் போல முறுக்கி வைத்த வில் ஓர் எஃகுச் சக்கரத்தைச் சுழற்ற, அது கல்லில் உராய்ந்து தீப்பொறி எழும். இனித் திரி வேண்டியதில்லை. மருந்திட்டு, முறுக்கி, அங்கிக்குள் வைத்துவிட்டால் வேண்டும்போது எடுக்கலாம்.

அரசர்கள் இதன் பொருளை உடனே உணர்ந்தனர். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1517ஆம் ஆண்டிலேயே, தானே தீ மூட்டிக் கொள்ளும் துப்பாக்கிகளைத் தம் ஆஸ்திரிய நாடுகளில் தடை செய்தார். இங்கிலாந்தில் எலிசபெத் அரசியும் உடைக்குள் மறையும் சிறு துப்பாக்கிகளுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தார். அவர்கள் அச்சம் வீண்போகவில்லை. 1584 ஜூலை 10ஆம் நாள், ஒல்லாந்தரின் விடுதலைத் தலைவரான ஆரஞ்சு வில்லியம், டெல்ப்ட் நகரில் தம் மாளிகைப் படிக்கட்டருகே சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் அவரிடம் உதவி வேண்டி வந்தவன்போல் நடித்தவன். அவர் இரக்கப்பட்டு அளித்த பொருளைக் கொண்டே அவன் அத்துப்பாக்கிகளை வாங்கினான் என்பர். முத்தநாதனின் சூழ்ச்சி வேறொரு மண்ணில், வேறொரு படைக்கலத்தோடு மீண்டும் நிகழ்ந்தது.

பிலடெல்பியாக் கம்மியர்

அடுத்த மாற்றம் ஸ்காத்லாந்தில் பிறந்தது. அங்கே கிறித்தவக் குருவாக இருந்த அலெக்சாந்தர் போர்சைத், தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைக் கொளுத்தும் முறைக்கு 1807இல் உரிமை பெற்றார். பறவை வேட்டையில் கல் துப்பாக்கியின் முதற்பொறியைக் கண்டே பறவைகள் பறந்துவிட்டதால் அவர் இம்முறையை நாடினாராம். பின்னர் அம்மருந்து ஒரு சிறிய செப்புத் தொப்பிக்குள் அடைக்கப்பட்டது. சிந்துவதற்குத் திறந்த மருந்துக்கிண்ணம் இல்லை. துணியில் மாட்டும் கல் இல்லை. கைத்துப்பாக்கியை இனி எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கலாம்.

அவ்வாறு குறுக்கிப் பெயர் பெற்றவர் ஹென்றி டெரிஞ்சர். 1786இல் பென்சில்வேனியாவில் பிறந்த இவர், 1806இல் பிலடெல்பியாவில் தொழிற்சாலை அமைத்தார். அரசுப் படைக்கு நீண்ட துப்பாக்கிகள் செய்து கொடுத்தவரே எனினும், அவர் பெயரை நிலைநாட்டியவை உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கைத்துப்பாக்கிகளே. அவற்றில் ஒரே குண்டு. அதுவும் அருகிலிருப்பவரையே தாக்க வல்லது. ஒரு குண்டு தவறினால் மறுகுண்டு வேண்டுமே என்பதற்காக அவை பெரும்பாலும் இணையாகவே விற்கப்பட்டன. கலிபோர்னியாவில் பொன் கிடைக்கிறதென்று 1848க்குப்பின் மக்கள் திரண்டபோது, சூதாடியும் வணிகரும் வழக்கறிஞரும் இவற்றை விரும்பி வாங்கினர்.

புகழ் வந்ததும் போலியும் வந்தது. பிறர் செய்த துப்பாக்கிகளில் டெரிஞ்சரின் முத்திரை ஏறியது. அதே குடும்பப் பெயருடைய ஒரு தையற்காரரைப் பெயரளவில் கூட்டாளியாகச் சேர்த்துக் கொண்டு, 'இதுவும் டெரிஞ்சரே' என்று விற்றவர்களும் உண்டு. டெரிஞ்சர் தொடுத்த வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1865இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வணிக முத்திரைச் சட்ட வரலாற்றில் அது குறிப்பிடத்தக்க வழக்கு. ஆயினும் மொழி வழக்கு நீதிமன்றத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆங்கிலத்தில் அவர் பெயர் ஓரெழுத்துக் கூடி, சிறு கைத்துப்பாக்கி அனைத்துக்கும் பொதுப் பெயராகிவிட்டது. வள்ளுவரைப் படித்தேன் என்பதைக் கருத்தாவாகுபெயர் என்று வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள், இதனையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்பெயர் உலகெங்கும் பரவியதற்குத் துயரமான காரணம் ஒன்றுண்டு. 1865 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரின் போர்டு நாடக அரங்கில், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்த்துக் கொண்டிருந்தார். ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன் பின்னாலிருந்து அவர் தலையில் சுட்டான். மறுநாட் காலை லிங்கன் உயிர் நீத்தார். அத்துப்பாக்கி டெரிஞ்சர் செய்தது. நீளம் ஏறத்தாழ 6 அங்குலம். எடை அரை இராத்தல். நான்காண்டு உள்நாட்டுப் போரின் பீரங்கிகள் அணுக முடியாத மனிதரை இந்த அரை இராத்தல் பொருள் அணுகியது. அது இன்றும் அவ்வரங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

ஒளிப்பதே குற்றம் என்ற காலம்

அமெரிக்கர் படைக்கலம் தாங்குவதை உரிமையாகப் போற்றுபவர் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், அதே நாட்டில் அதனை ஒளித்துச் செல்வது நெடுங்காலம் இழிவாகவும் குற்றமாகவும் கருதப்பட்டது என்பதைப் பலர் அறியார். கெண்டக்கி, லூயிசியானா ஆகிய மாநிலங்கள் 1813ஆம் ஆண்டிலேயே மறைபடையைத் தடுத்துச் சட்டம் இயற்றின. இந்தியானா, ஜார்ஜியா, வர்ஜீனியா, அலபாமா முதலியன பின்தொடர்ந்தன.

கெண்டக்கியில் நடந்த ஒரு வழக்கு சுவையானது. பிளிஸ் என்பவர் கைத்தடிக்குள் வாளை மறைத்துக் கொண்டு நடந்தார். அவருக்கு விதித்த தண்டம் செல்லாது என்றும், அச்சட்டமே மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்றும் 1822இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெண்டக்கி மக்கள் என்ன செய்தனர்? 1850இல் வந்த புதிய அரசியலமைப்பில், மறைபடையைத் தடுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று வெளிப்படையாக எழுதிக் கொண்டனர். அதே 1850இல் லூயிசியானா உச்ச நீதிமன்றமும், வெளிப்படையாகப் படை தாங்குவது ஆண்மைக்குரிய தற்காப்பு, ஒளித்துத் தாங்குவது வஞ்சகக் கொலைக்கு வழி என்ற கருத்துப்படத் தீர்ப்புரைத்தது.

இத்தீர்ப்புகளில் பேசப்பட்ட உரிமை அனைவருக்கும் உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. அடிமை முறை நிலவிய அம்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் படைக்கலம் வெளிப்படையாகவும் மறுக்கப்பட்டது. ஆயினும் சட்டத்தின் அடிப்படை எண்ணம் தெளிவு: நேர்மையானவன் இடுப்பில் தொங்கவிடுவான், தீயவன் சட்டைக்குள் வைப்பான்.

சட்டம் இவ்வாறிருக்க, சந்தை எதிர்த்திசையிற் சென்றது. சாமுவேல் கோல்ட் 1849இல் வெளியிட்ட சிறிய சுழல் துப்பாக்கி மூன்று இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1857இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் உலோகத் தோட்டா இடும் ஏழு குண்டுச் சிறு துப்பாக்கியை வெளியிட்டனர். மழையோ வியர்வையோ இனி மருந்தைக் கெடுக்காது. மாதக்கணக்கில் பையில் கிடந்தாலும் சுடும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல் கொண்ட ரெமிங்டன் சிறு துப்பாக்கியோ 1866 முதல் 1935 வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் விற்பனையிலிருந்தது. தடைச்சட்டங்கள் ஏட்டில் இருந்தன. தடை செய்யப்பட்ட பொருள் பையில் இருந்தது.

1901 செப்டம்பர் 6ஆம் நாள் பபலோ நகரக் கண்காட்சியில், குடியரசுத் தலைவர் மக்கின்லி வரிசையில் வந்தவர்களுடன் கைகுலுக்கிக் கொண்டிருந்தார். ஒருவன் வலக் கையைக் கைக்குட்டையால் சுற்றியிருந்தான். காயம் போலும் என்று காவலர் எண்ணினர். கைக்குட்டைக்குள் இருந்தது ஒரு சிறு சுழல் துப்பாக்கி. மக்கின்லி எட்டாம் நாள் இறந்தார்.

பெல்ஜியத்திலிருந்து மணியாச்சி வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைத்துப்பாக்கியைத் தட்டையாக்கியவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்தில் 1855இல் பிறந்த இவர், சுடும் வேகத்தைக் கொண்டே அடுத்த தோட்டா தானாக ஏறும் முறையைச் செம்மையாக்கினார். சுழல் துப்பாக்கியின் பருத்த உருளை நீங்கிற்று. தோட்டாக்கள் பிடிக்குள் அடுக்காய் அமர்ந்தன. அவர் வடித்த துப்பாக்கிகளைப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்தால் என்னும் ஊரில் எப்.என். தொழிற்சாலை செய்தது. 1905ஆம் ஆண்டு வடிவமைக்கப்பட்ட சிறியதொன்று நாலரை அங்குல நீளமே உடையது. சட்டையின் மேற்பையில் அடங்கும். பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்ற பெயரும் டெரிஞ்சரைப் போலவே பொதுப் பெயராயிற்று.

இத்துப்பாக்கிகள் அரசியலின் போக்கைத் திருப்பின. 1909இல் ஹார்பின் இரயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இட்டோ ஹிரோபூமியைக் கொரிய விடுதலை வீரர் ஆன் ஜுங்-குன் சுட்டது பிரௌனிங்கால். 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் மீது பாய்ந்து, முதல் உலகப் போரின் வாயிலைத் திறந்த குண்டும் பிரௌனிங்கிலிருந்தே புறப்பட்டது.

தமிழ் மண்ணும் இதற்கு விலக்கன்று. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியரின் கையைக் கட்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் அச்சட்டம் செல்லாது. அங்கு வ. வே. சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் இரயில் பெட்டிக்குள் இருந்த திருநெல்வேலி ஆட்சித் தலைவர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக் கொண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அதனை ஒளிக்க முடிந்திராவிட்டால் அவர் அப்பெட்டியை அணுகியிருக்கவே முடியாது.

அரமும் இரம்பமும்

தொழிற்சாலை செய்து கொடுத்ததோடு உடையவர்கள் நிறைவடையவில்லை. தம் கைக்கும் பைக்கும் ஏற்ப அதனைத் திருத்தும் ஒரு தனிக்கலை அமெரிக்காவில் வளர்ந்தது. அதன் முன்னோடி, கோல்ட் நிறுவனத்தில் பல்லாண்டு பணிபுரிந்த ஜான் ஹென்றி பிட்ஸ்ஜெரால்டு. அவர் பெரிய சுழல் துப்பாக்கியை எடுத்து, குழலை 2 அங்குலமாக அறுத்தார். குதிரையின் நீட்டிய முனை துணியில் மாட்டுகிறதென்று அதனை நீக்கினார். பிடியின் அடியைக் குறுக்கி உருட்டினார். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்பாதியையும் வெட்டி, விரல் தடையின்றிப் புகுமாறு செய்தார். இவ்வாறு திருத்திய இரண்டைக் காற்சட்டையின் முன்பைகளில் எப்போதும் வைத்திருப்பார் என்பர். 1927இல் கோல்ட் நிறுவனமே 2 அங்குலக் குழலோடு ஒரு துப்பாக்கியை வெளியிட்டு, துப்பறிவோர் பெயரை அதற்குச் சூட்டியது.

ஆனால், அறுத்து எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. குழல் குறுகினால் குண்டின் வேகம் குறையும். குறிபார்க்கும் இரு முனைகளும் நெருங்கிவிடுவதால் கையின் சிறு பிழையும் இலக்கில் பெரும் பிழையாகும். எடை குறைந்தால் பின்னுதைப்பு மிகும். காப்பு வளையத்தை வெட்டினால் துணியோ விரலோ விசையில் பட்டு, உடையவன் தொடையிலேயே குண்டு பாயலாம். ஆகவே பிற்காலக் கம்மியர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். மேலும், உடலோடு ஒட்டியிருப்பதால் வியர்வை இரும்பைத் தின்னும். பையின் பஞ்சும் தூசும் பொறியை அடைக்கும். எளிதில் மறையும் துப்பாக்கியே திருத்தமாகச் சுடுவதற்கு அரிய துப்பாக்கி. அதனைப் பெரும்பாலும் வாங்குபவரோ சுடுவதில் பழக்கம் குறைந்தவர்.

1887இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வெளியிட்ட ஒரு சிறு துப்பாக்கி இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. அதன் குதிரை உள்ளே மறைந்திருக்கும். பிடியை முழுக் கையாலும் இறுக்கினாலன்றி அது சுடாது. ஒரு குழந்தை துப்பாக்கியை எடுத்து விளையாடித் தன்னைச் சுட்டுக் கொண்ட செய்தியைக் கேட்டு மனம் வருந்திய வெஸ்ஸன், பிஞ்சுக் கையால் இயக்க முடியாதவாறு அதனை அமைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையாயினும் அன்றாயினும், அந்தக் கவலை உண்மையானது.

சட்டத்தின் தடுமாற்றமும் துப்பாக்கியின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. 1968ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் மிகச் சிறிய கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. ஜெர்மனியின் வால்தர் நிறுவனத்தார், 1931இல் தோன்றிய தங்கள் பி.பி.கே. என்னும் சிறு துப்பாக்கியின் மேற்பகுதியைச் சற்றே பெரிய பிடியின்மேல் பொருத்தி, அளவுகோலுக்குத் தக்கவாறு உயர்த்தி அனுப்பினர். 1970களில் நியூயார்க்கில் ஏ.எஸ்.பி. என்ற பெயரில், படைத்துறைப் பாங்கான ஒரு துப்பாக்கியை அறுத்துக் குறுக்கி, விளிம்புகளை எல்லாம் மழுக்கி, எஞ்சிய தோட்டாக்கள் தெரியும்படி பிடியில் ஒளி புகும் பொருளைப் பதித்து விற்றனர்.

சட்டம் திரும்பிய கதை

நியூயார்க் மாநிலம் 1911இல் இயற்றிய சல்லிவன் சட்டம், மறைக்கத்தக்க துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பமாயிற்று. பிற்காலத்தில் எதிர்க் காற்று வீசியது. 1987இல் புளோரிடா மாநிலம், குறித்த தகுதிகள் உடையவர்க்கு மறைபடை உரிமத்தை மறுக்கலாகாது என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 1994இல் நடுவணரசு, புதிய தோட்டா அடுக்குகளில் பத்துக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. பத்துத்தான் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்ற எண்ணம் பரவிற்று. ஆஸ்திரியாவின் குளோக் நிறுவனம் 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 26ஆம் எண் சிறு துப்பாக்கி பெரும் வரவேற்புப் பெற்றது. அவ்வரையறை 2004இல் காலாவதியாயிற்று. சிறு துப்பாக்கி நிலைத்துவிட்டது.

எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக, 2013இல் இல்லினாய்சும் மறைபடையை அனுமதித்தது. 2022இல் உச்ச நீதிமன்றம், தக்க காரணம் காட்டினாலன்றி உரிமமில்லை என்ற நியூயார்க்கின் விதியை நீக்கியது. இப்போது பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே வேண்டியதில்லை. 1850இல் வெளிப்படையாகத் தாங்குவது பெருமை, ஒளிப்பது குற்றம். இன்றோ, பலவிடங்களில் வெளிப்படையாகத் தாங்குபவனே பிறரை அச்சுறுத்துபவனாகக் கருதப்படுகிறான். ஒளித்து வைப்பதே பண்பாடாகிவிட்டது.

இதனை ஆதரிப்போர் சொல்வதைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. உதவிக்கு ஆளில்லாத இடத்தில் தனித்து நடக்கும் பெண்ணும், இரவில் கடையைப் பூட்டி வரும் முதியவரும் தம்மைக் காத்துக் கொள்ள வேறென்ன வழி என்று அவர்கள் கேட்கின்றனர். யாரிடம் இருக்கிறதென்று தெரியாததால் தீயவன் அனைவருக்கும் அஞ்சுவான் என்கின்றனர். முதற்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால், யாரிடம் இருக்கிறதென்று தெரியாத நிலை தீயவனை மட்டும் சார்வதில்லை. சாலையில் ஒருவரை நிறுத்தும் காவலரும் அதை அறியார். வீட்டிலுள்ள குழந்தையும் அறியாது. 2014 டிசம்பர் 30ஆம் நாள் ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், உரிமம் பெற்ற இளந்தாய் ஒருவரின் கைப்பையில் இருந்த சிறு துப்பாக்கியை அவருடைய இரண்டு வயது மகன் எடுத்தான். தாய் அங்கேயே இறந்தார். அந்தப் பை, துப்பாக்கியை மறைத்து வைப்பதற்கென்றே தனி அறை அமைத்துச் செய்யப்பட்டது.

மலாயா கண்ட மறுமுனை

அமெரிக்கா ஒரு முனைக்குச் சென்றதென்றால் மலாயா மறுமுனைக்குச் சென்றது. 1948 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சுட வேண்டியதில்லை, இருந்தாலே போதும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நெருக்கடி நிலை முடிந்தபின்னும் அவ்வெண்ணம் தொடர்ந்தது. மலேசியாவில் 1971இலும் சிங்கப்பூரில் 1973இலும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தனிச் சட்டங்கள் பிறந்தன. ஒரே பொருள் ஒரு நாட்டில் கடையில் கிடைக்கும் உடைமை. மற்றொன்றில் கழுத்துக்கு வரும் கயிறு.

முடிவுரை

சக்கர விசை முதல் இன்றுவரை ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. திரி போயிற்று, கல் போயிற்று, உருளை போயிற்று, குழல் குறுகிற்று. படைக்கலத்திலிருந்து எடுக்கக் கூடியவற்றையெல்லாம் மனிதன் எடுத்துவிட்டான். அதனைக் காணாதவர் மனத்தில் எழும் ஐயத்தை மட்டும் எந்தக் கம்மியராலும் அறுத்தெடுக்க முடியவில்லை. உடையவனுக்குத் துப்பாக்கியின் சுமை குறையக் குறைய, சுற்றியிருப்பவர்களுக்கு அந்த ஐயத்தின் சுமை கூடிற்று.

1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, தில்லியில் காந்தியடிகள் பேத்தியர் இருவர் தோள்மேல் கைவைத்து வழிபாட்டு மேடைக்கு நடந்து சென்றார். கூட்டத்திலிருந்து ஒருவன் வெளிப்பட்டு, வணங்குபவன்போல் அவர் முன் குனிந்தான். அவனிடம் இத்தாலியில் செய்த சிறிய பெரெட்டாத் துப்பாக்கி இருந்தது. மூன்று முறை சுட்டான். அதற்குச் சில நாள் முன்பு அவ்விடத்தில் குண்டு வெடித்திருந்தும், வழிபாட்டுக்கு வருவோரைச் சோதித்து உள்ளே விடுவதற்கு அடிகள் இசையவில்லை. வந்தவர் கையை அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பிழையா, அதனைப் பிழையாக்கிய படை பிழையா என்று, கூடா நட்பு அதிகாரம் நடத்தும் நாளில் மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம்.